பம்ப் ரைஃபிள் வாங்குமுன்: முதலில் சேம்பர், அப்புறம் காலிபர்

பம்ப் ரைஃபிள் அடர்காட்டுக்கு ஏற்ற கருவி. கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையிலேயே இருக்கும், ஒரு கை ட்ரிகர் பக்கமே இருக்கும். மற்றக் கை முன்பிடியை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா தயார். வெட்டவெளியில் 300 மீட்டருக்குச் சுடுபவர், கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷனே வாங்கட்டும்.

தேடினால் பெரும்பாலும் சிக்குவது ரெமிங்டன் நிறுவனத்துடையதுதான்: 1952-ல் வந்த 760 மாடல், 1981-ல் அதன் இடத்தைப் பிடித்த 7600. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெரிய விலங்கு வேட்டைக்குத் தானாக லோடாகும் ரைஃபிள் நெடுங்காலம் கூடாது என்றிருந்ததால் அங்கே இவை ஏராளம். ஆக, நீங்கள் வாங்கப்போவது அநேகமாகப் பழைய துப்பாக்கி.

தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, தோட்டாவை ஏற்றி வெளியேற்றும் பொறியான ஆக்‌ஷனைத் திறந்து, தோட்டா இல்லையென்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பிறகு டார்ச் அடித்து, தோட்டா உட்காரும் அறையான சேம்பரைப் பாருங்கள். குழல் பளபளப்பாக இருந்தும் சேம்பரில் துருக்குழி இருக்கலாம். போல்ட் ஆக்‌ஷனில் கைப்பிடியைத் தூக்கும்போதே, சுட்ட தோட்டாவின் காலி உறை நெம்புகோல் பலத்தால் அசைந்து கொடுக்கும். பம்பில் அவ்வளவு பலம் கிடையாது; சேம்பர் சொரசொரப்பாக இருந்தால் உறை ஒட்டிக்கொள்ளும், முன்பிடி நகராது. விற்பவரிடம் அதே துப்பாக்கியில் சுட்ட உறை ஒன்றைக் கேட்டு வாங்கி நகத்தால் வருடுங்கள். கீறல் தட்டுப்பட்டால் விலையைக் குறைத்தாலும் வேண்டாம்.

அடுத்து மேகசின். அதன் மேல்விளிம்பு உதடுகள் வளைந்திருந்தால் தோட்டா மூக்குக் குத்தி நிற்கும். மருந்தில்லாத டம்மி தோட்டா நான்கு போட்டு, வேகமாகவும் மெதுவாகவும் பம்ப் செய்து பாருங்கள். இரண்டாவது மேகசின் ஒன்று கட்டாயம்.

தோட்டாவின் அளவான காலிபரில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. வெண்வால் மானுக்கு .308-ல் 150 கிரெய்ன் எடையுள்ள குண்டு தாராளம். எல்க், மூஸ் போன்ற பெரிய மான்கள் என்றால் .30-06-ல் 180. நெருக்கத்தில் மூஸ், கரடிக்கு .35 வீலன் நன்று, ஆனால் தோள் வலிக்கும். குறைந்தபட்சக் காலிபர், தோட்டா எண்ணிக்கை பற்றிய உள்ளூர் விதியையும் பாருங்கள்.

குழல் 22 அங்குலம் பொதுவானது. 18.5 அங்குலக் குட்டைக் குழல் கொண்ட கார்பைன் புதருக்குள் சுலபம். சத்தமும் தீப்பிழம்பும் கூடும்.

சுட்ட உறையில் மருந்தும் குண்டும் மறுபடி நிரப்பி வீட்டில் தோட்டா ரீலோட் செய்பவர்கள் உறையை முழு நீளத்துக்கும் பழைய அளவுக்கு ரீசைஸ் செய்ய வேண்டும். கழுத்தை மட்டும் சரிசெய்த உறை பம்பில் முழுசாக உட்காராது. சேம்பரை மூடும் போல்ட் பூட்டாவிட்டால் ட்ரிகர் அழுத்தியும் சுடாது. பூட்டியதாகத் தோன்றிச் சுடாமல் போனால் குழலைப் பத்திரமான திசையில் வைத்தபடி 30 வினாடி காத்திருந்து திறங்கள்.

பம்ப் செய்யும்போது தயங்கவே கூடாது. பாதி இழுத்து முன்னே தள்ளினால் காலி உறை வெளியேறாமல் மாட்டும், அல்லது புதுத் தோட்டா ஏறாது. முன்பிடி பின்னால் முட்டும்வரை இழுங்கள்.