காரை ஓட்டிப் பார்க்கப் போகும்போது வீட்டாரையும் ஏற்றிக்கொள்ளுங்கள்

என் முதல் காரைக் குதிரைத்திறனைப் பார்த்து வாங்கினேன். 83 என்று போட்டிருந்தது, போதும் என்று நினைத்தேன். தனியாக ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் ஐந்து பேர், டிக்கி நிறைய பெட்டிகள், ஏசி வேறு. மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியரில் மிதித்தேன். சத்தம்தான் வந்தது, வேகம் வரவில்லை. பின்னால் லாரி ஹாரனை விடாமல் அடிக்க, ஏசியை அணைத்து, இரண்டாவது கியருக்கு இறக்கி, ஒருவழியாக ஏறினேன். அப்புறம்தான் விவரத்தாளின் சின்ன எழுத்தைப் படித்தேன்: அந்த 83 கிடைப்பது 6,000 ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது. நான் அன்றாடம் ஓட்டுவதோ 1,500க்கும் 2,500க்கும் நடுவில்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது டார்க், அதாவது இழுவை. எவ்வளவு என்பதோடு, எந்த ஆர்பிஎம்மில் கிடைக்கிறது என்பதையும் பாருங்கள். டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றில் டார்க் 110 நியூட்டன் மீட்டர் சொச்சம்தான், அதுவும் 4,000 ஆர்பிஎம்மை ஒட்டி. 1 லிட்டர் டர்போவில் 170 வரை 2,000க்குள்ளேயே வந்துவிடுவதுண்டு. ஆனால் டர்போ விழித்துக்கொள்ளும் வரை வண்டி சோம்பலாக இருக்கும். நெரிசலில் ஊர்ந்து பார்த்தால் தெரியும்.

அடுத்தது எடை. 900 கிலோ காருக்கு 80 குதிரைத்திறன் என்றால் டன்னுக்கு 89. 1,200 கிலோ காருக்கு 95 என்றால் 79தான். பெரிய எண் உள்ள கார்தான் இங்கே மந்தம்.

ஓட்டிப் பார்க்கும்போது விற்பனையாளர் காட்டும் நேர்சாலையோடு நிறுத்தாதீர்கள். ஆட்களை ஏற்றி, ஏசியைப் போட்டு, ஒரு ஏற்றத்தில் இரண்டாவது கியரில் 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதியுங்கள். திணறுகிறதா, சரளமாக எடுக்கிறதா என்று கால் சொல்லிவிடும். மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு: டர்போ இல்லாத இன்ஜின் 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும், காற்று மெலிவதால்.

தினமும் நாலு கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால் புது டீசல் கார் வேண்டாம். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

சரி, வாங்கியாயிற்று, முன்பு நன்றாக ஓடிய வண்டி இப்போது இழுக்கவில்லை என்றால்? டயர் காற்றை ஓட்டும் முன், குளிர்ந்த நிலையில் பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் இருக்கும். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். மிதித்தால் ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கும். அழகுக்காகப் பெரிய டயர் மாட்டாதீர்கள். நான் மாட்டினேன், இருந்த கொஞ்ச இழுவையும் போனது.

பலர் கவனிக்காதது பிரேக். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, நான்கு சக்கரங்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கத்தைவிட மறுபக்கச் சக்கரத்தில் அனல் அதிகம் அடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. என் இரண்டாவது காரில் இரண்டு மாதம் மைலேஜைத் தின்றது அதுதான். நான் இன்ஜினைத் திட்டிக்கொண்டிருந்தேன்.