மெட்டல்கோர் பிளேலிஸ்ட்டுக்குப் பாட்டு பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு மெட்டல்கோர் பிளேலிஸ்ட் நடத்துகிறோம். ஹெவி மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த இசை அது. பெரும்பாலும் இங்கே உள்ள சின்ன பேண்டுகள் பாட்டு அனுப்புவார்கள். கேட்டு, நாலு வரி விமர்சனம் எழுதி, சேர்க்கலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டும். சமீபத்தில் இந்த வேலைக்குச் சில தம்பிகளும் ஒரு தங்கையும் புதிதாக வந்திருக்கிறார்கள். நல்ல காது, ஆர்வத்துக்கும் குறைவில்லை. ஆனால் அவர்கள் அனுப்பும் குறிப்புகளைப் படித்தால், ஆரம்பத்தில் நாங்கள் எல்லோரும் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் வருகின்றன.

பேண்டின் பெயரைச் சரியாக எழுது, ரிலீஸ் தேதியைப் பார் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை யாருக்கும் தெரிந்தவை. தெரியாமலே செய்துகொண்டிருக்கும் தவறுகளைத்தான் சொல்ல வேண்டும்.

பிரேக்டவுனுக்கு நேராகத் தாவுவது

பாட்டைத் திறந்ததும் விரலால் இழுத்து இரண்டாவது நிமிடத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கேதான் பிரேக்டவுன் இருக்கும் என்று தெரியும். அதைக் கேட்டு, நன்றாக இருந்தால் மேலே, இல்லாவிட்டால் கீழே. தாளிப்பை மட்டும் நக்கிப் பார்த்துவிட்டுக் குழம்புக்கு மார்க் போடுகிற வேலை இது.

பிரேக்டவுன் ஹார்ட்கோரிலிருந்து வந்தது. வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு திடீரென்று பாதி வேகத்துக்கு இறங்கும். கிக் டிரம்மும் கிட்டாரின் அழுத்தமான தட்டலும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். முன்னால் வேகம் இருந்தால்தான் பின்னால் வரும் நிதானம் கனமாகத் தெரியும். முன்பகுதியைக் கேட்காதவனுக்கு அந்த இடம் வெறும் மெதுவான ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் ஒரு கிட்டார் துணுக்கு. ஆகையால் பார்க்க வேண்டியது பிரேக்டவுனை மட்டுமல்ல, அதற்கு முந்தைய எட்டு பாரையும் (தாளச் சுற்றையும்). வோக்கலிஸ்ட் ஒரு வரியைக் கத்திவிட்டு எல்லாக் கருவிகளும் ஒரு நொடி நிற்கிறதா, டிரம்மர் ஒரு ஃபில் (இடைவெளியை நிரப்பும் சின்ன உருட்டல்) போட்டு இறக்குகிறாரா, அல்லது எந்தத் தயாரிப்பும் இல்லாமல் இரண்டு துண்டுகளை ஒட்டவைத்திருக்கிறார்களா? பாட்டு எழுதத் தெரிந்த பேண்டா என்பது அங்கேதான் தெரியும்.

சத்தத்தைத் தரம் என்று எடுத்துக்கொள்வது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மற்ற தவறுகளால் நஷ்டம் எங்கள் பிளேலிஸ்ட்டுக்கு. இந்தத் தவறால் நஷ்டம் பேண்டுக்கு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்காமல் இருப்பது அதனால்தான்.

நடப்பது இப்படி. ரிலீஸ் ஆகாத பாட்டுகள் கூகுள் டிரைவ் லிங்க்காக வரும். டவுன்லோட் செய்து ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுவார்கள். முதல் பாட்டை மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடும் முன் ஒலியைச் சரிசெய்யும் கடைசிக் கட்டத்தில், ஒலியின் உச்சங்களை அமுக்கி நன்றாக நசுக்கி மைனஸ் 6 எல்யுஎஃப்எஸ் வரைக்கும் தள்ளியிருப்பார்கள். அடுத்தது மைனஸ் 10-ல் நிற்கும். எல்யுஎஃப்எஸ் என்பது நம் காது சராசரியாக எவ்வளவு சத்தத்தை உணர்கிறது என்பதற்கான அளவு. பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம். இரண்டு பாட்டுக்கும் நடுவில் யாரும் வால்யூமைத் தொடுவதில்லை. முதல் பாட்டுக்கு "செம ஹெவி, கிட்டார் டோன் பிரமாதம்" என்று குறிப்பு வரும். இரண்டாவதற்கு "மிக்ஸ் வீக், எனர்ஜி போதவில்லை." பல நேரம் இந்த இரண்டு தீர்ப்புக்கும் நடுவில் இருப்பது அந்த நாலு டெசிபெல் மட்டும்தான்.

காது அப்படித்தான் வேலை செய்கிறது. சத்தம் குறைவாக இருக்கும்போது அடித்தொனியும் உச்சத்தொனியும் நமக்கு மங்கலாகக் கேட்கும். சத்தம் கூடினால் இரண்டும் நிறைந்து கேட்கும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைபடம் போட்டுவிட்டார்கள். ஆகவே ஒரு பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் "சத்தமாக இருக்கிறது" என்று மூளை சொல்லாது. "பேஸ் நன்றாக இருக்கிறது, சிம்பல் தெளிவாக இருக்கிறது" என்றுதான் சொல்லும்.

வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பதால், அல்சூரில் ஒரு நண்பர் அறையில் புதியவர்களை உட்காரவைத்து ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டுக் காட்டினேன். ஒரே ஃபைல், ஒன்றை மட்டும் 2 டெசிபெல் குறைத்து வைத்திருந்தேன். அது அவர்களுக்குத் தெரியாது.

"அண்ணா, ரெண்டாவதுல கிக் நல்லா டைட்டா இருக்கு. பேஸ் கிட்டார் தனியா கேக்குது. இது வேற மிக்ஸா?"

"ரெண்டும் ஒண்ணுதான் தம்பி."

"சான்ஸே இல்ல."

அப்புறம் கம்ப்யூட்டரில் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஒன்றின் அலையைத் தலைகீழாகத் திருப்பி இரண்டையும் சேர்த்து ஓடவிட்டேன். ஒரே ஃபைலாக இருந்தால் ஒன்றையொன்று அழித்துவிட்டு ஸ்பீக்கரில் எதுவும் வராது. வரவில்லை. அதன் பிறகுதான் நம்பினார்கள்.

இதில் முக்கியமான விஷயம் இன்னொன்று. நாம் டிரைவில் கேட்கிற சத்தம் பிளேலிஸ்ட் கேட்பவர் காதுக்குப் போவதே இல்லை. ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் அளவுக்குக் கொண்டுவந்துதான் ஓட்டுகிறது. ஆப்பிள் மியூசிக்கில் சவுண்ட் செக் போட்டிருந்தால் மைனஸ் 16. மைனஸ் 6-ல் இருக்கும் பாட்டை ஸ்பாட்டிஃபை 8 டெசிபெல் கீழே இறக்கும். மைனஸ் 10-ல் இருப்பதை 4 டெசிபெல்தான் இறக்கும். இரண்டும் ஒரே சத்தத்தில் வந்து நிற்கும். நசுக்கி வாங்கிய சத்தம் அங்கே பறிபோய்விடும். நசுங்கியது மட்டும் அப்படியே இருக்கும். ஸ்னேர் டிரம் அடியின் கூர்மை தட்டையாகி, அட்டையைத் தட்டுகிற மாதிரி கேட்கும். மைனஸ் 10 பாட்டில் அந்த ஸ்னேர் மற்றவற்றுக்கு மேலே எழும்பி நிற்கும். அதாவது, எது "வீக்" என்று நாம் தள்ளினோமோ, கேட்பவர் வீட்டில் அதுதான் பலமாக ஒலித்திருக்கும்.

பிரேக்டவுனும் இந்தக் கணக்குக்குள் வரும். எல்யுஎஃப்எஸ் முழுப் பாட்டுக்குமான சராசரி என்பதால், சரணத்தை அமைதியாக விட்டுவைத்த பாட்டின் சராசரி குறைவாக இருக்கும். அதைக் குறைவாகத்தான் இறக்குவார்கள். பிரேக்டவுன் வரும்போது அது மேலே நின்று அடிக்கும். முதல் நொடி முதல் கடைசி நொடி வரை சுவர் மாதிரி நிற்கிற பாட்டில் அடிக்க இடமே மிச்சம் இருக்காது.

இந்த ஊர் பேண்டு ஒன்றுக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஒயிட்ஃபீல்டில் வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதிகளில் வீட்டிலேயே ரெக்கார்ட் செய்து, அருமையான ஒரு பாட்டை அனுப்பினார்கள். எங்கள் பக்கத்திலிருந்து "சத்தம் போதவில்லை, மற்ற பாட்டுகளோடு வைத்தால் அமுங்கிவிடும்" என்று பதில் போயிருக்கிறது. அவர்கள் லிமிட்டரை (உச்சங்களை அமுக்கும் கருவியை) இன்னும் நாலு டெசிபெல் தள்ளி மறுபடி அனுப்பினார்கள். நம் ஆள் "இப்போ சூப்பர்" என்று சேர்த்துவிட்டார். வெளியானது அந்த நசுங்கிய மாஸ்டர்தான். டிரம் செத்துப்போயிருக்கிறது. முதலில் அனுப்பியதையும் வெளியானதையும் ஒரே அளவில் வைத்துக் கேட்டவன் நான். எந்தப் பேண்டும் தன் பாட்டுக்கு இப்படி ஒரு யோசனையை வாங்கிக்கொள்ளக் கூடாது. கேட்கிறவர்களுக்கு அது எவ்வளவு நல்ல பாட்டு என்று தெரியவே வழியில்லாமல் போய்விட்டது.

பெரிய பேண்டுகளுக்கும் இது நடந்திருக்கிறது. 2011-ல் பேலஸ் கிரவுண்ட்ஸில் மெட்டாலிக்காவைப் பார்த்தவர்களில் பலருக்கு, 2008-ல் வந்த டெத் மேக்னெட்டிக் ஆல்பம் பற்றி எழுந்த சண்டை நினைவிருக்கும். சிடியில் வந்ததைவிட கிட்டார் ஹீரோ விளையாட்டில் வந்த அதே பாட்டுகள் நசுங்காமல் இருக்கின்றன என்று ரசிகர்களே கண்டுபிடித்தார்கள். இரண்டையும் ஒப்பிட ஒரு வாய்ப்பு கிடைத்ததால்தான் அது வெளியே தெரிந்தது.

சரி, என்ன செய்ய வேண்டும்? கம்ப்யூட்டரில் பாட்டு ஓட்ட ஃபூபார்2000 வைத்திருந்தால் எல்லா ஃபைலையும் தேர்ந்தெடுத்து, சத்தத்தை அளக்கும் ரீப்ளேகெயின் ஸ்கேன் கொடுங்கள். பிளேபேக் அமைப்பில் அதை ஆன் செய்தால் எல்லாப் பாட்டும் ஒரே அளவில் ஓடும். கிட்டார் ரெக்கார்ட் செய்கிற மென்பொருள் இருந்தால் யூலீன் லவுட்னஸ் மீட்டரை இலவசமாகப் போட்டுக்கொண்டு அளந்து, ஃபேடரால் சமப்படுத்துங்கள். ஏற்கெனவே வெளியான பாட்டு என்றால் ஸ்பாட்டிஃபை ஆப்பில் வால்யூம் நார்மலைஸ் ஆன் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அதை ஆஃப் செய்துவிட்டு மறந்துபோனவர்கள் நிறைய. சமப்படுத்திய பிறகு முதலில் ஸ்னேரைக் கேளுங்கள். நசுக்கலில் முதலில் போவது அதுதான்.

இதை வைத்துக்கொண்டு, சத்தம் குறைந்த மாஸ்டர்தான் உயர்ந்தது என்ற முடிவுக்கும் போய்விடக் கூடாது. மெட்டல்கோரின் அடர்த்தியில் ஓரளவு நசுக்கலும் சேர்ந்துதான் இருக்கிறது. மைனஸ் 7-ல் உயிரோடு இருக்கும் பாட்டுகளும் உண்டு. ஒரே அளவில் வைத்துக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

பஸ்ஸில் கேட்டு முடிவெடுப்பது

500டி பஸ்ஸில் உட்கார்ந்து சில்க் போர்டு நெரிசலில் பாட்டு கேட்பது நல்ல பொழுதுபோக்கு. தீர்ப்பு எழுதுகிற இடம் அதுவல்ல. சாதாரண டியூனிங்கில் கிட்டாரின் கடைசிக் கம்பி ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ். கம்பியைத் தளர்த்திச் சுருதியை இறக்கும் டிராப் சி-யில் அது 65, டிராப் ஏ-யில் 55. பஸ் எஞ்சினின் உறுமலும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. கேட்காமல் போகிற பேஸை "பேஸ் இல்லை" என்று எழுதிவிடுவீர்கள். போன் ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அந்த ஒலியை உருவாக்குகிற அளவுக்கு அதில் இடமே கிடையாது.

போகிற வழியில் ஒருமுறை கேளுங்கள், மெட்டு மனதில் நிற்கிறதா என்று பார்க்க அது உதவும். எழுதுவதற்கு முன் வீட்டில் நல்ல ஹெட்போனில் மறுபடி கேளுங்கள்.

"இது மெட்டல்கோரே இல்லை"

கன்வர்ஜும் கில்ஸ்விட்ச் என்கேஜும் அமெரிக்காவில் ஒரே மாநிலமான மாசசூசெட்ஸில் தோன்றிய பேண்டுகள். முதலாவது காதைக் கிழிக்கும் குழப்பம். இரண்டாவது பாடிக்கொண்டே போகக்கூடிய கோரஸ். இரண்டுக்கும் இந்தப் பெயர்தான். இவ்வளவு அகலமான வீட்டில் வாசலில் நின்று ஆளைத் திருப்பி அனுப்பாதீர்கள். எங்கள் பிளேலிஸ்ட்டின் போக்குக்குப் பொருந்தவில்லை என்றால் அதைச் சொல்லலாம், அது நேர்மையான காரணம்.

இதன் தம்பிதான் "இது இன்ன பேண்டின் காப்பி" என்பது. இரண்டு கிட்டார்கள் சேர்ந்து வாசிக்கும் மெலடி ரிஃப்பைக் கேட்டதும் கில்ஸ்விட்ச் காப்பி என்று எழுதுகிறார்கள். அந்தப் பாணியை 2000-களின் அமெரிக்க பேண்டுகளே ஸ்வீடனின் கோதன்பர்க் ஊர்க்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டவைதான். அட் த கேட்ஸ் போன்றவர்கள் 1995-லேயே அதைச் செய்துகொண்டிருந்தார்கள். எங்கிருந்து எடுத்தார்கள் என்பதைவிட, எடுத்ததை வைத்து என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள்.

டிரம் புரோகிராம் செய்தது என்று குறை சொல்வது

பெங்களூரில் வாடகை வீட்டில் டிரம் கிட் வைத்து அடிக்க எந்த ஹவுஸ் ஓனர் விடுவார்? ஸ்டுடியோவில் டிரம் ரெக்கார்ட் செய்யக் காசு வேண்டும். கம்ப்யூட்டரில் டிரம் எழுதுவது இங்கே தேவை, குறுக்குவழி இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இரண்டு கை, இரண்டு கால் உள்ள ஒருவரால் இதை வாசிக்க முடியுமா? ஹை-ஹாட், ரைடு, சைனா என்ற சிம்பல்கள் மூன்றும் ஒரே நேரத்தில் ஒலித்துக்கொண்டு ஸ்னேரும் விழுந்தால், எழுதியவர் டிரம்மரை நினைத்துப் பார்க்கவில்லை. அதைக் குறையாக எழுதலாம், எழுதவும் வேண்டும்.

கிளீன் வோக்கல் (கத்தாமல் பாடுவது) வந்ததும் மார்க் குறைப்பது

வேண்டாம். பாடுவது நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வரிகளைப் படிக்காமல் எழுதுவது

கத்தலில் வார்த்தை புரியாது என்பது உண்மை. அதற்காகப் படிக்காமல் விடலாம் என்று ஆகாது. இந்த இசையில் கோபத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். எர்த் கிரைசிஸ் பேண்டுக்காரர்கள் மிருகங்களுக்காகக் கத்தினார்கள். ஆர்கிடெக்ட்ஸ் பேண்டின் கிட்டாரிஸ்ட் டாம் சியர்ல் 2016-ல் புற்றுநோயால் இறந்தார். அதற்குப் பிறகு 2018-ல் வந்த அவர்களுடைய ஆல்பத்தை அந்தத் துக்கம் தெரியாமல் கேட்டால் பாதிதான் கேட்டதாக அர்த்தம். பேண்டு வரிகளை அனுப்பவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். சந்தோஷமாக அனுப்புவார்கள்.

ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் கேட்பது

காது களைத்துவிடும். கடைசியில் வரும் பேண்டுக்கு அநியாயம்.

காரணம் சொல்லாமல் "வேண்டாம்" என்பது

"எங்களுக்குச் சரிவரவில்லை, அடுத்த முறை பார்க்கலாம்" என்ற பதில் பேண்டுக்கு எந்த வகையிலும் உதவாது. நேரத்தோடு எழுதுங்கள்: "1:42-ல் பிரேக்டவுன் தொடங்கும்போது பேஸ் கிட்டாரும் கிக்கும் ஒன்றையொன்று மறைக்கின்றன", "2:10-ல் கோரஸ் மூன்றாவது தடவை வருகிறது, எந்த மாற்றமும் இல்லாமல்." ஒரு குறையாவது இப்படி இருக்க வேண்டும், நன்றாக இருக்கிற ஒரு இடமும் இப்படியே. எழுதி முடித்ததும் நீங்கள் எதில், எந்த அளவில் கேட்டீர்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மிக்ஸ் செய்தவர் அந்த வரியைத்தான் முதலில் தேடுவார்.