வெளிப்புறக் கேபிள் லேபிள்: ஒரு கோடைகூடத் தாங்காமல் போவது ஏன்?

மொட்டை மாடியில் நாலு கேமரா, ஒரு வைஃபை ஆக்சஸ் பாயிண்ட். கேபிள் எல்லாம் ஒரே கறுப்பு. மார்க்கரால் எழுதிவைத்த எண் ஒரு கோடை தாண்டியதும் காணாமல் போகிறது. பழியை மழை மேல் போடுகிறோம், ஆனால் முக்கால்வாசி வேலையைச் செய்வது வெயில்தான்.

மார்க்கர் மை பெரும்பாலும் தண்ணீருக்குத் தாங்கும், புற ஊதாக் கதிருக்குத் தாங்காது. சாயம் சிதைந்து வெளுத்துவிடும். போதாக்குறைக்கு வெளிப்புறக் கேபிளின் உறை பெரும்பாலும் பாலிஎத்திலீன். அதில் மையும் சரியாகப் பிடிக்காது, பசையும் ஒட்டாது. கலர் இன்சுலேஷன் டேப் சுற்றுவதும் இதே கதைதான்: சிவப்பு வெளுக்கும், சூட்டில் பசை இளகி நுனி பிரிந்து தொங்கும்.

காகிதத்தில் எழுதி மேலே செல்லோ டேப் ஒட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆனால் பிரிண்டரில் எடுத்த லேபிள் என்றாலே நல்லது என்று நினைப்பதும் தவறு. கடை பில் மாதிரி சூட்டில் அச்சாகும் தெர்மல் ஸ்டிக்கர் மாடி வெயிலில் தானே கறுக்கும், இல்லையென்றால் எழுத்து வெளுக்கும். எழுத்துக்கு மேல் ஒரு தெளிவான படலம் இருக்கும் லேமினேட்டட் டேப்பைத்தான் வாங்க வேண்டும். அதைக் கொடி மாதிரி நீட்டிவிடாமல் கேபிளைச் சுற்றி ஒட்டுங்கள். நீட்டிய கொடியைக் காற்றே கிழித்துவிடும். 6 மி.மீ. தடிமனுள்ள கேபிளின் சுற்றளவு கிட்டத்தட்ட 19 மி.மீ. லேபிள் அதைவிட நீளமாக இருந்து தன் மேலேயே ஏறி ஒட்டினால்தான் பிடிப்பு நிற்கும். ஒட்டும் முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். பாதிப் பேர் செய்யாத வேலை இதுதான்.

வெள்ளை கேபிள் டையில் அட்டை கட்டினால், அட்டைக்கு முன்னால் டையே நொறுங்கி விழும். வெயில் தாங்கும் கறுப்பு டை வேண்டும். இறுக்கிப் பிழியவும் கூடாது. உள்ளே ஜோடி ஜோடியாக முறுக்கிய கம்பிகள் நசுங்கினால் வேகம் குறையலாம். சூடாக்கினால் சுருங்கிக் கேபிளைப் பிடித்துக்கொள்ளும், எண் அச்சிட்ட ஹீட் ஷ்ரிங்க் குழாய் இன்னும் உறுதி, ஆனால் கனெக்டரைக் கிரிம்ப் செய்வதற்கு (முனையில் அழுத்திப் பொருத்துவதற்கு) முன்பே அதை நுழைத்துவிட வேண்டும். மறந்தால் கனெக்டரை வெட்டித்தான் ஆக வேண்டும். கடலோரம் என்றால் எண் பொறித்த 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு நல்லது. 304 உப்புக்காற்றில் துருக்கறை பிடிக்கும்.

இவ்வளவு செய்தும் பெயின்டர் வந்து சுவரோடு சேர்த்துக் கேபிளுக்கும் ஒரு கோட் அடித்துவிட்டுப் போவார். அதனால் என் யோசனை: வெயிலில் இருக்கும் லேபிளை மட்டும் நம்பாதீர்கள். வெளி முனைக்கான லேபிளை ஜங்ஷன் பாக்ஸுக்குள், நிழலில் ஒட்டுங்கள். கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்ச் பக்கத்து முனையிலும் அதே எண் இருக்கட்டும். ஒரு முனையில் மட்டும் ஒட்டுவது அரை வேலை. 'வாசல் கேமரா' என்று எழுதினால் கேமராவை இடம் மாற்றிய மறுநாளே அது பொய்யாகிவிடும். வெறும் எண் போதும், விவரம் எக்செல் தாளில் இருக்கட்டும்.

அப்புறம், பல கேபிள்களின் உறை மேல் மீட்டருக்கு ஒரு எண் அச்சிட்டிருக்கும். இழுத்து முடித்ததும் இரு முனையிலும் தெரியும் அந்த எண்களை அதே தாளில் குறித்துவிடுங்கள். லேபிள் போனாலும், டெஸ்டர் இல்லாமலே எந்த முனைக்கு எது ஜோடி என்று பார்த்துக்கொள்ளலாம்.