கோலாலம்பூரில் குடும்பத்தோடு தங்கப் போகிறவர்களுக்கு

கோலாலம்பூரில் தமிழர்கள் நிறைந்த பகுதியான பிரிக்பீல்ட்ஸில் இறங்கியதும் மல்லிகைச் சரமும் தமிழ்ப் பாட்டும் வரவேற்கும். 'நம்ம ஊர் மாதிரிதான்' என்று அசந்துவிட வேண்டாம். தமிழிலேயே வித்தியாசம் உண்டு. 'அஞ்சு வெள்ளி' என்றால் ஐந்து ரிங்கிட். சென் என்பது காசு. 'காடி' என்றால் கார். 'பசியாறிட்டீங்களா?' என்று கேட்டால், பெரும்பாலும் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று பொருள்.

அதிகம் தடுமாறும் இடம் மாமாக் கடை. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் இந்தக் கடைகளில் 'அண்ணே' என்று தாராளமாகக் கூப்பிடலாம். 'மாமாக்' என்பது கடைக்குச் சொல்கிற பெயர். ஆளை அப்படி அழைத்தால் முகம் சுளிப்பார்கள். மலாய்க்காரர் என்றால் ஆண்களுக்கு 'அபாங்', பெண்களுக்கு 'காக்'. வயதான சீனருக்கு அங்கிள், ஆண்ட்டி போதும்.

'தே' என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பால் ஊற்றிய, தித்திக்கும் டீ வரும். இனிப்பு அந்தப் பாலிலேயே இருப்பதால், சர்க்கரை வேண்டாம் என்று சொல்லியும் பயனில்லை. 'கூராங் மானிஸ்' என்றால் இனிப்பைக் குறைப்பார்கள், அவ்வளவுதான். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு 'தே ஓ கோசோங்' கேளுங்கள்: பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. பால் இல்லாமல் இறங்காது என்பவர்களுக்கு 'தே சி கோசோங்'. இது இனிப்புச் சேர்க்காத சுண்டிய பாலில் வரும். பொட்டலம் கட்ட வேண்டுமானால் 'புங்குஸ்' அல்லது 'தாபாவ்'.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் 'டாகிங்' என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அகராதியில் அதற்கு வெறும் இறைச்சி என்றுதான் பொருள். உணவுப் பட்டியலில் அநேகமாக எப்போதும் மாட்டிறைச்சிதான். ஆட்டுக்கு 'காம்பிங்', கோழிக்கு 'ஆயாம்'. கோழி கேட்டு வாங்கினாலும் ஆபத்து குழம்பில் இருக்கிறது. பினாங்கில் பிறந்த நாசி கண்டார் என்னும் சோறு-குழம்புச் சாப்பாட்டின் ருசியே நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவதில்தான். அந்தக் கலவையில் மாட்டுக் குழம்பும் சேரும். தட்டில் சோறு விழும்போதே 'குவா ஆயாம் சாஜா', அதாவது கோழிக் குழம்பு மட்டும், என்று சொல்லிவிடுங்கள். ஊற்றிய பிறகு சொல்லிப் பயனில்லை. கரண்டி மாறுவதே ஆகாது என்பவர்களுக்கு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள்தான் சரி. அங்கும் மாட்டிறைச்சி சமைப்பதுண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள்.

சைவர்களுக்கு இன்னொரு பொறி 'சாயூர்'. காய்கறி என்று பொருள். சைவம் என்று பொருள் இல்லை. கங்கோங் கீரையைப் பெலாச்சான் என்னும் இறால் விழுதில் வதக்குவார்கள். நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுக்கான சம்பலில் பெரும்பாலும் நெத்திலி இருக்கும். நம்ம பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய்க்குப் பருப்போடு மீன் குழம்பையும் சேர்த்து ஊற்றுவது வழக்கம். 'டால் சாஜா' என்று கேளுங்கள். சில கடைகளில் ரொட்டி மாவிலேயே முட்டை சேரும்.

கூட்டு, கறி, மீன் என்று நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் கடைகளில் தட்டைப் பார்த்துத்தான் விலை போடுவார்கள். இறால், கணவாய், மீன்தலை எடுக்கும் முன் 'பெராப்பா?' என்று விலை கேட்பது அநாகரிகமல்ல. டிப்ஸ் கட்டாயமில்லை. புகைபிடிப்பவர்கள் கடையிலிருந்து 3 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். 2019 முதல் திறந்தவெளி மேசைகளுக்கும் இதே விதிதான்.

வீட்டுக்கு அழைத்தால் செருப்பு வாசலில். மலாய் வீட்டுக்குக் கையால் செய்த பலகாரம் கொண்டுபோவதைவிடப் பழம் வாங்கிப் போவது நல்லது, அல்லது ஹலால் முத்திரை உள்ள பிஸ்கட் டப்பா. அன்போடு செய்ததுதான் என்றாலும், எந்தச் சமையலறையில் செய்தது என்ற தயக்கம் அவர்களுக்கு இருக்கும். மலாய்ப் பெண்களிடம் ஆண்கள் முந்திக்கொண்டு கை நீட்டாமல், நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தால் போதும். ஆளையோ பொருளையோ காட்டுவதற்கு ஆள்காட்டி விரலை நீட்டக் கூடாது; மற்ற விரல்களை மடக்கிக் கட்டைவிரலால் காட்டுவார்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

அரசு அலுவலக வேலைக்கு வெள்ளி மதியம் போகாதீர்கள். தொழுகைக்காக 12:15 முதல் 2:45 வரை இடைவேளை.

முருகன் கோயில் இருக்கும் பத்துமலைக்கு கேடிஎம் கொமுட்டர் ரயிலில் போகலாம். இளஞ்சிவப்பு அடையாளமிட்ட பெட்டிகள் பெண்களுக்கானவை. மனைவியோடு வந்தாலும் கணவர் அதில் ஏறக்கூடாது. 272 படிகளில் ஏறும் முன், பெண்களுக்கு முழங்கால் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடிவாரத்திலேயே துணி வாடகைக்கு எடுக்கச் சொல்வார்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். தீனி என்று நினைத்துக் குரங்கு பிடுங்கிவிடும்.

ஊரிலிருந்து கொண்டுவரும் மிக்சியின் உருண்டை முள் பிளக் இங்குள்ள சதுரத் துளையில் போகாது. அடாப்டரைப் பெட்டியில் அடியில் வைக்காமல் மேலாக வையுங்கள், முதல் நாள் காலைச் சட்னிக்கே தேவைப்படும்.