உயிருள்ள செல்லில் நுண்ணுறுப்புகளைப் பின்தொடரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் நுண்ணோக்கியில் எடுக்கும் செல் வீடியோக்களைப் பார்த்துக் கொடுப்பது இப்போது என் வேலைகளில் ஒன்று. நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்துகளை வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். ஃபோகஸ் தப்புவது, லென்ஸில் எண்ணெய் விட மறப்பது எல்லாம் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும்.

லேசரைக் கூட்டுவது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். படம் மங்கலாக இருக்கிறதே என்று, செல்லில் ஏற்றிய சாயத்தை ஒளிரவைக்கும் லேசரைக் கூட்டுவார்கள். முதல் ஃபிரேமில் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) நூல் நூலாக, பளிச்சென்று தெரியும். சில நிமிடத்தில் நூல்கள் அறுந்து, உருண்டு, நின்ற இடத்திலேயே நிற்கும். சாயத்தில் ஒளி படும்போது உருவாகும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் செய்யும் வேலை இது. மைட்டோடிராக்கர் போன்ற சாயம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே போய்ச் சேர்வதால் முதல் அடியும் அதற்குத்தான்.

நின்றதோடு போனால் பரவாயில்லை. அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்துவிடுவார்கள். ‘மருந்து போட்டதும் ஆக்ஸானில் போக்குவரத்தே நின்றுவிட்டது சார்’ என்று ஒரு மாணவி சந்தோஷமாக வந்தார் (ஆக்ஸான் என்பது நரம்பு செல்லின் நீண்ட இழை). மருந்து போட்ட தட்டில் சாயம் சரியாக ஏறாததால், அதற்கு மட்டும் லேசரைக் கூட்டியிருக்கிறார். மருந்தே இல்லாத தட்டை அதே லேசர் அளவில் எடுக்கச் சொன்னேன். அதிலும் நின்றது. பல மாத வேலை குப்பைக்குப் போனது.

இதைச் சோதிப்பது எளிது. ஒரே தட்டில் ஓரிடத்தைத் தொடர்ந்து படமெடுங்கள். இன்னோரிடத்தை இருட்டிலேயே விட்டு, கடைசியில் மட்டும் ஒரு சின்ன வீடியோ எடுங்கள். இரண்டும் வேறுபட்டால், நீங்கள் அளந்தது லேசரின் விளைவை. லேசரைக் குறையுங்கள், எக்ஸ்போஷரை நீட்டுங்கள், ஃபிரேம்களுக்கு நடுவில் ஷட்டரை மூடுங்கள். படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். வரட்டுமே, அட்டைப்படத்துக்கா எடுக்கிறோம்?

அகலமான ஃபிரேம் இடைவெளி

ஓடும் லைசோசோம் (செல்லின் கழிவைச் செரிக்கும் நுண்ணுறுப்பு) நொடிக்கு 1 மைக்ரோமீட்டர்கூடப் போகும். 5 நொடிக்கு ஒரு படம் எடுத்தால், நெரிசலான இடத்தில், பாதையைத் தொடரும் மென்பொருள் பக்கத்தில் இருக்கும் வேறொன்றைப் பிடித்துக் கோடு போட்டுவிடும். வேகம் குறைவாக வரும், யாருக்கும் சந்தேகமும் வராது.

ஸ்டேஜ் நகர்வது

எல்லாமே ஒரே பக்கம் ஓடினால், ஓடுவது தட்டைத் தாங்கும் ஸ்டேஜ்.

குளிர்ந்த செல்

பாலூட்டி செல்லுக்கு 37 டிகிரி வேண்டும். தட்டைச் சூடாக்கினால் மட்டும் போதாது. எண்ணெய் லென்ஸ் அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும், அதையும் சூடாக்குங்கள்.

ஓடுவதை மட்டும் எண்ணுவது

ஆக்ஸானில் எந்த நேரம் பார்த்தாலும் பெரும்பாலான மைட்டோகாண்ட்ரியா நின்றுகொண்டுதான் இருக்கும். சராசரி வேகத்தோடு, மொத்தத்தில் எத்தனை நகர்ந்தன என்பதையும் எழுதுங்கள்.