பத்து நிமிடம் பேசாமல்: அமைதி ஜெபம் தொடங்குகிறவர்களுக்கு

நம் வீட்டு ஜெபங்களில் சத்தத்துக்குக் குறைவே கிடையாது. ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், பெரியவர் தொடங்கிக் கடைக்குட்டி வரை ஆளுக்கொரு விண்ணப்பம், பரமண்டல ஜெபம், ஆமென். அப்படித்தான் நானும் வளர்ந்தேன். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டு எழுந்துபோகிறோமே, தேவன் பேசுவதற்கு இடம் விட்டோமா என்ற சந்தேகம் முப்பது வயதுக்குப் பிறகுதான் வந்தது. சபையில் ஒரு மூத்த அக்கா, சும்மா உட்காருவது எப்படி என்று கற்றுக்கொடுத்தார். அவர் சொன்னதையும், இடையில் நான் தடுக்கி விழுந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் நேரமும் இடமும்

இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து தனியான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு முதல் அதிகாரம் சொல்கிறது. சிங்கப்பூரில் இது ஒன்றும் பெரிய சாதனை இல்லை. 1982ஆம் ஆண்டு மலேசியாவோடு சேர்ந்து நாமும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்துக்கொண்டோம். அதனால் சூரியன் எழவே ஏழு மணி ஆகிவிடுகிறது. ஆறு மணிக்குக் கண் விழித்தாலே இருட்டோடு எழுந்த கணக்குத்தான்.

இடம் எதுவானாலும் தினமும் அதுவாகவே இருக்கட்டும். என்னுடையது சமையலறை ஜன்னல் ஓரம் ஒரு முக்காலி. கைப்பேசி வேறு அறையில் இருக்கும். வேதாகமத்தைக் கைப்பேசியிலேயே வாசிப்பேன் என்பவர்கள் இரண்டு வாரம் மட்டும் அச்சுப் புத்தகத்துக்குத் திரும்பிப் பாருங்கள். நேரம் பார்க்க, இட்லி வேகவைக்கும்போது திருகிவைக்கிற மணி போதும். பத்து நிமிடம் வையுங்கள். ஆர்வத்தில் ஒரு மணி நேரம் என்று தொடங்கியவர்கள் மூன்றாம் நாளே விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஓர் அறையில் பலர் தங்கியிருக்கும் தம்பிகளுக்குத்தான் இது கடினம். வாரம் ஒருமுறையாவது ஒரு தேவாலயத்துக்குள் போய் உட்காருங்கள். சிட்டி ஹால் ரயில் நிலையத்தை ஒட்டியே புனித ஆண்ட்ரூ பேராலயம் இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888இல் திறக்கப்பட்ட லூர்து மாதா ஆலயம் ஓஃபிர் சாலையில் இருக்கிறது. ஆராதனை இல்லாத நேரமாகப் பார்த்துப் போனால் பின்வரிசையில் உங்களை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

தூங்கிவிட்டு வாருங்கள்

மெல்லிய சத்தத்தில் தேவன் பேசியதைக் கேட்ட எலியா தீர்க்கதரிசியைப் பற்றி எல்லோரும் பிரசங்கிக்கிறார்கள். அதற்கு முன் அவர் சூரைச்செடியின் கீழே படுத்துத் தூங்கியதையும், தூதன் இரண்டு முறை எழுப்பிச் சாப்பிடச் சொன்னதையும் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வந்த பிறகுதான் ஓரேப் மலைக்கு நடக்கிறார். இரவு வேலை முடித்து வருகிறவர்கள் முதலில் சாப்பிட்டுத் தூங்குங்கள். ஜெபத்தைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம்.

சத்தத்தோடு சண்டை வேண்டாம்

விடியும் முன்பே குயில் கத்தத் தொடங்கிவிடும். கவிதையில் கூவுகிற குயில் இல்லை; அடுக்குமாடிக் குடியிருப்பையே எழுப்புகிற குயில். மேல்வீட்டில் யாரோ கோலிக்குண்டு உருட்டுகிற அந்தப் பிரபலமான சத்தமும் வரும். வரட்டும். காதை மூடிக்கொள்ளப் பார்த்தால் பத்து நிமிடமும் அதிலேயே போய்விடும். குயிலுக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதே என் வழக்கம்.

ஒரு சிறு பகுதியை மெதுவாக வாசியுங்கள்

வெறும் மனதோடு உட்கார்ந்தால் மனம் சந்தைக்குப் போய்விடும். அதனால் ஐந்தாறு வசனம் போதும், ஆனால் இரண்டு முறை, உதடு அசைய வாசியுங்கள். வாசிப்பு, தியானம், ஜெபம், பிறகு தேவ சமுகத்தில் இளைப்பாறுதல் என்று நான்கு படிகளாக இதை 12ஆம் நூற்றாண்டிலேயே இரண்டாம் கீகோ என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார்.

நான் முதலில் எடுத்தது மாற்கு 10இல் வரும் பர்திமேயு. பார்வையற்ற அந்த மனிதரைப் பார்த்து, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று இயேசு கேட்கிறார். அந்த இடத்தில் நின்றேன். வழக்கம்போல என் பட்டியலை நீட்டினேன்: வீட்டுக் கடன், மகனின் பரீட்சை, முழங்கால் வலி. சொல்லி முடித்த பிறகும் கேள்வி அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அம்மாவின் முகம் வந்தது. மூன்று வாரமாக அவர் அழைப்பை எடுக்காமல் இருந்தேன். குரல் எதுவும் கேட்கவில்லை, உடல் சிலிர்க்கவும் இல்லை. அம்மாவின் முகம் மட்டும் போகாமல் நின்றது. மணி அடித்ததும் அழைத்தேன்.

பிறகு காத்திருங்கள்

எண்ணங்கள் ஓடும். பால் வாங்க வேண்டும், பஸ் அட்டையில் பணம் தீர்ந்துவிட்டது, அவள் ஏன் அப்படிச் சொன்னாள்? ஓடியதைக் கவனித்தவுடன், "கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று சொல்லித் திரும்புங்கள். ஆசாரியர் ஏலி, சிறுவன் சாமுவேலுக்குக் கற்றுக்கொடுத்த வரி அது. பத்து நிமிடத்தில் முப்பது முறை திரும்ப வேண்டியிருந்தாலும் அது வீணான பத்து நிமிடம் இல்லை.

கேட்டதைச் சோதியுங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள், நான் உட்பட. சில வருடங்களுக்கு முன்பு ஒரு காலையில் "வேலையை விட்டுவிடு" என்று தெளிவாகத் தோன்றியது. கர்த்தர் சொன்னார் என்று வீட்டில் அறிவித்தேன். கர்த்தர் பெயரைச் சொன்ன பிறகு வீட்டில் யார் வாய் திறப்பார்கள்? வேலையை விட்டு நான்கு மாதம் கழித்துத்தான் புரிந்தது, பேசியது என் மேலாளர் மேல் எனக்கிருந்த கோபம்.

சாமுவேலும் தன்னைக் கூப்பிட்ட கர்த்தரின் குரலை முதலில் ஏலியின் குரல் என்றுதானே நினைத்தான்? மூன்று முறை எழுந்து ஏலியிடம் ஓடினான். ஆகவே உங்களுக்கும் ஓர் ஏலி வேண்டும்: போதகரோ, உங்களை முகத்துக்கு நேராகத் திருத்தக்கூடிய ஓர் அக்காவோ. கேட்டது வேத வசனத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அவசரப்படுத்துகிறதா, பயமுறுத்துகிறதா, உங்களுக்கு மட்டும் லாபமாக முடிகிறதா என்றும் பாருங்கள். மன்னிப்புக் கேள், அழைத்துப் பேசு என்பது போன்ற சிறிய காரியத்தை அன்றே செய்யலாம். வேலை, திருமணம், வீடு என்றால் மாதக்கணக்கில் பொறுங்கள். "கர்த்தர் சொன்னார்" என்பதை விட்டு, "எனக்கு இப்படித் தோன்றுகிறது" என்று பேசப் பழகுங்கள். மற்றவர்கள் பதில் சொல்ல இடம் இருக்கும். தூக்கமில்லாமல், மிரட்டுகிற குரல்கள் காதில் விழுந்தால் ஜெபத்தோடு மருத்துவரையும் பார்க்க வேண்டும். அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்

தேதி, வசனம், ஒரு வரி. அவ்வளவுதான். நீளமாக எழுதினால் மறுபடி நாமே பேசத் தொடங்கிவிடுவோம். மாதக் கடைசியில் மொத்தமாக வாசித்துப் பார்த்தால், எது திரும்பத் திரும்ப வந்தது, எது ஒருநாள் உணர்ச்சி என்று தெரிந்துவிடும். சென்ற மாதத்தில் என் நோட்டில் பத்தொன்பது நாட்களுக்கு ஒரே வரிதான்: "ஒன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்தேன்."