மானிப்பாயில் இருந்துகொண்டே நியூயோர்க் பெட்டிகளைத் திறப்பது எப்படி

மானிப்பாய் கிறீன் ஆஸ்பத்திரியைத் தெரியாதவர்கள் யாழ்ப்பாணத்தில் குறைவு. 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக இங்கே வந்து, தமிழிலேயே வைத்தியம் படிப்பித்து, உடற்கூற்றியலிலிருந்து இரசாயனம் வரை தமிழில் நூல்களைக் கொண்டுவந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் பெயரைத்தான் அது சுமக்கிறது. அவருடைய இரசாயன நூலான 'கெமிஸ்தம்' 1875இல் அச்சேறியது. இதெல்லாம் பலரும் எழுதிவிட்ட விஷயம். நான் எழுத வந்தது அவருடைய அண்ணனைப் பற்றியும், அந்த அண்ணனைப் போன்ற ஒருவருடைய கடதாசிகளை விமானம் ஏறாமல் இங்கிருந்தே தேடிப் படிப்பது எப்படி என்பதைப் பற்றியும்.

அண்ணனின் பெயர் அன்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன். தம்பியை விட இரண்டு வயது மூத்தவர், 1820இல் பிறந்தவர். நியூயோர்க்கின் சென்ட்ரல் பூங்காவை உருவாக்கிய ஆணைக்குழுவில் பணத்துக்குக் காவல் நின்றவர். 1871இல் ட்வீட் என்ற அரசியல் முதலாளியின் கூட்டம் நகரத்தின் கஜானாவைச் சுரண்டித் தின்ற கதை வெளியே வந்தபோது, அந்தக் கஜானாவைத் தூக்கி நிறுத்த அழைக்கப்பட்டவர் இவர்தான். 1898இல் ஐந்து பகுதிகள் சேர்ந்து இன்றைய நியூயோர்க் நகரம் ஆனதற்கும் இவருடைய விடாப்பிடியே பெரிய காரணம். 1876 ஜனாதிபதித் தேர்தலில் ஒரேயொரு தேர்வாளர் வாக்கால், 184க்கு 185 என்று தோற்ற சாமுவேல் டில்டனின் சட்டத்தொழில் பங்காளியும் இவரே. அப்படிப்பட்ட மனிதரின் கூடப்பிறந்த தம்பி மானிப்பாயில் இருந்து வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார் என்றால், அமெரிக்க அரசியல்வாதி ஒருவருடைய பழைய பெட்டிகளில் எங்கள் ஊர் வரலாறும் கிடக்கலாம் என்று தோன்றுகிறதா இல்லையா? எனக்குத் தோன்றியது, அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

சரி, எங்கே தொடங்குவது? கிறீனில் தொடங்க வேண்டாம். முதலில் கை பழகுங்கள். அதற்கு ஆபிரகாம் லிங்கனின் ஆவணத் தொகுப்பை விட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. வொஷிங்டனில் உள்ள கொங்கிரஸ் நூலகத்தின் இணையத்தளத்தில் அது இலவசமாகக் கிடக்கிறது. மொத்தத் தொகுப்பில் ஏறத்தாழ 40,550 ஆவணங்கள், அதில் 20,000க்கு மேல் இணையத்தில், அவற்றில் சுமார் 10,000 ஆவணங்களைப் படித்துத் தட்டச்சு செய்தும் வைத்திருக்கிறார்கள். கடைசியாகச் சொன்னதுதான் எங்களுக்கு முக்கியம். ஒரு கடிதத்தின் படத்தைத் திறந்து, தட்டச்சுப் பிரதியைப் பார்க்காமல் நீங்களாக ஒரு கொப்பியில் எழுதுங்கள், பிறகு ஒப்பிட்டுத் திருத்துங்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். பத்துப் பதினைந்து நாளில் கண் பழகிவிடும். படத்தை இறக்கும்போது ஜேபெக் வடிவத்தைத் தெரிவு செய்யுங்கள், டிஃப் கோப்புகள் பெரியவை, போன் டேட்டாவில் தொடங்கினால் கார்ட் காலியாகிவிடும்.

அந்தத் தொகுப்பில் ஒரு கடிதத்தை மட்டும் ஆறுதலாகப் பாருங்கள். 1863 ஜூலை 14ஆம் திகதி, அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பேர்க் சண்டை முடிந்து பதினொரு நாள் கழித்து, தளபதி மீடுக்கு லிங்கன் எழுதியது. தோற்று ஓடிய எதிர்த்தரப்புத் தளபதி லீயின் படையைத் தப்பவிட்டுவிட்டீர்களே, பொன்னான வாய்ப்புப் போய்விட்டதே என்று மனம் நொந்து எழுதிய கடிதம். படித்துக்கொண்டு போனால், பாவம் மீட், இதை வாசித்து என்ன பாடுபட்டிருப்பார் என்று தோன்றும். ஆனால் அந்தக் கடிதத்தின் உறையையும் பார்க்க வேண்டும். அதில் லிங்கன் தன் கையாலேயே குறித்திருக்கிறார்: இது மீடுக்கு எழுதியது, அனுப்பவும் இல்லை, கையெழுத்து வைக்கவும் இல்லை என்று. மீட் அதை வாசிக்கவே இல்லை! உறையைத் தவறவிட்டவர் வரலாற்றையே மாற்றி எழுதிவிடுவார். அந்தக் காலத்தில் வந்த கடிதத்தை மடித்து, முதுகில் அனுப்பியவர் பெயரையும் திகதியையும் ஒரு வரிச் சாரத்தையும் எழுதி அடுக்கி வைப்பது அலுவலக வழக்கம். ஆகவே பின்பக்கம், உறை, ஓரத்தில் உள்ள பென்சில் கீறல் எதையும் தாண்டிப் போகாதீர்கள்.

அதே கடிதம் இன்னொரு பாடத்தையும் சொல்லித் தருகிறது, இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருப்பதானால் இதை வைத்திருங்கள். ஒருவருடைய பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் அவருக்கு வந்த கடிதங்கள். அவர் எழுதியவை வாங்கியவர்களின் வீட்டில் இருக்கும். தான் எழுதிய கடிதம் தன் பெட்டியிலேயே கிடந்தால், அது வரைவாக இருக்கும், பிரதியாக இருக்கும், அல்லது அனுப்பப்படாமல் போனதாக இருக்கும். எங்கள் வீடுகளிலும் அப்படித்தானே, அம்மம்மாவின் தகரப் பெட்டியில் மலேயாவிலிருந்து அம்மப்பா போட்ட கடிதங்கள் இருக்கும், அம்மம்மா போட்ட பதில்கள் இருக்காது. அதனால் அன்ட்ரூ கிறீனைத் தேடுகிறவர் நியூயோர்க் வரலாற்றுச் சங்கத்தில் உள்ள அவருடைய தொகுப்போடு நின்றுவிடக் கூடாது. டில்டனின் கடதாசிகள் நியூயோர்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. சென்ட்ரல் பூங்காவை வடிவமைத்த ஓல்ம்ஸ்டெட்டின் கடதாசிகள் கொங்கிரஸ் நூலகத்தில், அதுவும் இணையத்திலேயே. கிறீன் ஒவ்வொரு சதத்துக்கும் கணக்குக் கேட்டு ஓல்ம்ஸ்டெட்டை வாட்டியவர், அந்த மனவருத்தம் முழுதும் ஓல்ம்ஸ்டெட் பக்கத்தில் கொட்டிக் கிடக்கிறது. கிறீனின் குணத்தை அறிய அவருடைய பெட்டியை விட அவரோடு முரண்பட்டவரின் பெட்டி உதவும். தம்பியார் மிஷனுக்கு எழுதிய அறிக்கைகளைத் தேடுகிறவர்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தைப் பார்க்க வேண்டும், அமெரிக்க மிஷன் சங்கத்தின் பழைய ஆவணங்கள் அங்கேதான் உள்ளன.

எந்தத் தொகுப்பைத் தொட்டாலும் முதலில் அதன் விவரப்பட்டியலைத் திறவுங்கள். அதை முழுதாக, ஒரு வரியும் விடாமல் படியுங்கள். தொகுப்பில் எத்தனை பெட்டி, எந்தப் பெட்டியில் எந்த ஆண்டு, எந்தக் கோப்புறையில் யாருடைய கடிதம் என்று அதில் போட்டிருக்கும். பெயர் போட்டுத் தேடும் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டிவிட்டு, ஒன்றும் வரவில்லையே என்று எழும்பிப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் ஆவணக்காப்பகத்தில் ஒவ்வொரு கடிதத்துக்கும் தனிப் பதிவு இருப்பது அபூர்வம். 'குடும்பக் கடிதங்கள்' என்று ஒரே வரியில் போட்ட கோப்புறைக்குள் நூறு கடிதம் இருக்கலாம். எந்த ஊரில் எந்த நிறுவனத்தில் யாருடைய கடதாசி இருக்கிறது என்றே தெரியாவிட்டால் ஆர்கைவ்கிரிட் என்ற தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள், பல நிறுவனங்களின் பட்டியல்களை அது ஒன்றாகத் தேடித் தரும்.

இனி எழுத்துக்கூட்டல். இதில் நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இழந்தேன். மானிப்பாய் என்பதை இன்று நாங்கள் ஆங்கிலத்தில் எழுதும் விதத்தில் திரும்பத் திரும்பத் தட்டினேன், ஒன்றும் அகப்படவில்லை. மிஷனரிமார் எழுதியது எம், ஏ, என், ஈ, பி, வை. வாசித்தால் 'மனேப்பி' என்று வரும். வட்டுக்கோட்டை அவர்களுக்கு 'பட்டிக்கோட்டா', உடுவில் 'ஊடூவில்', தெல்லிப்பழை 'டில்லிப்பள்ளி', பண்டத்தரிப்பு 'பண்டிட்டரிப்போ'. யாழ்ப்பாணத்துக்கே சில வேளை கடைசியில் ஒரு போர்த்துக்கேயத் தொனியில் பட்டினத்தைச் சேர்த்து 'ஜாஃப்னபட்டாம்' என்று வரும். இந்த வடிவங்களை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். ஆட்களின் பெயருக்கும் இதே கதிதான். திருமுழுக்குப் பெற்ற எங்கள் ஆட்களுக்கு அமெரிக்கப் பெயர்களை வைத்தார்கள், ஆகவே ஒரு ஆங்கிலப் பெயரைக் கண்டவுடன் இவர் வெள்ளைக்காரர் என்று முடிவு கட்ட வேண்டாம்.

திகதியிலும் கவனம். அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 3/5/1863 என்றால் மார்ச் 5, எங்களுக்குப் பழகியபடி மே 3 அல்ல. கடிதத்துக்குள் '10ஆம் திகதி இன்ஸ்ட்' என்று வந்தால் இந்த மாதம் 10, 'அல்ட்' என்று வந்தால் போன மாதம். தபால் கடல் கடந்து போய்ச் சேர மாதங்கள் எடுத்த காலம் அது, அதனால் எழுதிய திகதியையும், முதுகில் 'கிடைத்தது' என்று போட்ட திகதியையும் இரண்டு நிரலில் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். டொக்டர் கிறீன் இடையில் 1857இல் அமெரிக்கா போய் 1862இல் திரும்பி வந்தார், அப்போது அங்கே உள்நாட்டுப் போர். இந்த இரண்டு நிரலும் இல்லாமல், எந்தச் செய்தி தெரிந்த பிறகு எந்தக் கடிதம் எழுதப்பட்டது என்று உங்களால் சொல்லவே முடியாது.

கையெழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தும்பிக்கை போட்ட பழைய 'லை'யையும் 'னை'யையும் வாசிக்கப் பழகியவர்கள் நாங்கள், இதுவும் வரும். இரட்டை எஸ் வரும் இடத்தில் முதலாவது எஸ் நீண்டு எஃப் மாதிரி நிற்கும். தாள் மிச்சம் பிடிக்க, எழுதிய பக்கத்தைக் குறுக்கே திருப்பி அதன் மேலேயே திரும்ப எழுதுவதும் உண்டு. அப்படிப்பட்ட பக்கத்தைப் போனில் ஒரு தரம் நேராகவும் ஒரு தரம் திருப்பியும் பெரிதாக்கிப் பாருங்கள், ஒரு அடுக்கில் மட்டும் கண்ணை ஓட்டினால் மற்றது தானாக மங்கும். அரசியல்வாதிகளின் தொகுப்பில் இன்னொன்றும் வரும், அச்சழுத்திப் பிரதிப் புத்தகம். எழுதிய தாளின் மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தி, போகும் கடிதத்துக்குப் பிரதி எடுத்த புத்தகங்கள் அவை. எழுத்து மங்கிப் புகைபோல இருக்கும், சில பக்கம் சுத்தமாக அழிந்துபோயிருக்கும். படத்தின் நிறத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி மாறுபாட்டைக் கூட்டினால் பாதியாவது தெரியும். தெரியாத சொல்லை ஊகித்து நிரப்பாதீர்கள், சதுர அடைப்புக்குள் கேள்விக்குறி போட்டுவிட்டுத் தாண்டுங்கள். அடுத்த கடிதத்தில் அதே சொல் தெளிவாக வரும்.

இணையத்தில் இல்லாததைக் கேட்டு எழுத வேண்டும். அமெரிக்க ஆவணக்காப்பகத்தார் வெளியாட்களின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது அவர்களின் வேலையின் ஒரு பகுதி, கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் 'யாழ்ப்பாணம் சம்பந்தமாக உள்ள எல்லாவற்றையும் அனுப்புங்கள்' என்று எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. தொகுப்பின் பெயர், பெட்டி இலக்கம், கோப்புறை இலக்கம், ஆண்டு, எதற்காகத் தேடுகிறீர்கள் என்ற இரண்டு வரி, அவ்வளவுதான். இந்தக் கோப்புறையில் சாமுவேல் கிறீனிடமிருந்து வந்த கடிதம் உண்டா, எத்தனை பக்கம், படம் எடுத்து அனுப்பக் கட்டணம் எவ்வளவு என்று மூன்று கேள்வி கேளுங்கள். கட்டணத்தை முதலிலேயே கேட்பது அவசியம், டொலரில் வரும் கணக்கு எங்கள் ரூபாவில் மலைக்க வைக்கும். நேரில் கதைக்க வேண்டி வந்தால், அங்கே காலை 9 மணி எங்களுக்குக் குளிர்காலத்தில் இரவு ஏழரை, கோடையில் மாலை ஆறரை.

காசு செலவழிக்கும் முன் அச்சில் வந்ததைப் பார்த்துவிடுங்கள். டொக்டர் கிறீனின் வாழ்க்கையும் கடிதங்களும் 1891இலேயே நூலாக வந்துவிட்டது, எபனேசர் கட்லர் தொகுத்தது. டில்டனின் கடிதங்களை ஜோன் பிகெலோ 1908இல் இரண்டு பாகமாக அச்சிட்டார். இவை நல்ல வழிகாட்டிகள், ஆனால் முடிந்த முடிவு அல்ல. அந்தக் காலத் தொகுப்பாளர்கள் குடும்பச் சண்டை, பணக் கஷ்டம், ஆட்களைப் பற்றிய கடுஞ்சொல் எல்லாவற்றையும் வெட்டிவிடுவார்கள். அச்சில் மூன்று புள்ளி வரும் இடங்களைக் குறித்து வையுங்கள், மூலத்தில் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் அவைதான்.

உரிமைச் சிக்கல் பெரிதாக இல்லை. எழுதியவர் இறந்து 70 ஆண்டு தாண்டிய அச்சேறாத கடிதங்கள் அமெரிக்கச் சட்டப்படி பொதுச்சொத்து. தம்பி 1884இலும் அண்ணன் 1903இலும் இறந்தார்கள். ஆனாலும் படத்தைத் தந்த நிறுவனம் எப்படிக் குறிப்பிடச் சொல்கிறதோ அப்படியே குறிப்பிடுங்கள், பிரசுரிக்கும் முன் ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.

கிடைத்த படங்களுக்கு வந்த அன்றே பெயர் வையுங்கள்: நிறுவனம், தொகுப்பு, பெட்டி, கோப்புறை, திகதி, பக்கம், இந்த ஒழுங்கில். நாளைக்குச் செய்யலாம் என்று விட்டால் எந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போகும், இடம் தெரியாத கடிதத்தை எவரும் நம்பமாட்டார்கள். பிரதி ஒன்று கணினியில், ஒன்று வெளியே ஒரு வன்தட்டில், ஒன்று இணையத்தில். 1981இல் 97,000 நூல்களோடு எரிந்த நூலகம் எங்களுடையது, ஒரே இடத்தில் வைக்காதே என்று எங்களுக்கு வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நிறுவனம் அனுமதித்தால் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள், கூடவே நீங்கள் தட்டச்சு செய்த வாசகத்தையும் தமிழில் அரைப் பக்கச் சுருக்கத்தையும் சேர்த்து. படம் மட்டும் போனால் அந்தக் கையெழுத்தோடு அடுத்தவரும் முதலிலிருந்து மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.